டிட்ஜெரிடூக்காரர் வெம்பிளிக்குச் சாப்பிட வந்தது

லண்டனில் நான் பார்த்த வேலைகளில் அதிக காலம் நிலைத்தது நாற்காலி தூக்கும் வேலைதான். தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த ஒரு பெரிய கச்சேரி மண்டபத்தில் மேடைப் போர்ட்டராக இருந்தேன். ஓர்கெஸ்ட்ரா வருவதற்கு முன்னால் நாற்காலிகளையும் சுரத்தாள் வைக்கும் தாங்கிகளையும் வரைபடத்தில் உள்ளபடி அடுக்க வேண்டும். இடைவேளையில் பியானோவை உருட்ட வேண்டும். கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, சத்தம் போடாத சப்பாத்து. மேடையில் எத்தனை தடவை நடந்தாலும் எங்களை ஒருவரும் கவனிக்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. அது எனக்குப் பிடித்திருந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தேன். கப்பலில் எண்ணெய்த் தொட்டி கழுவினேன். கிரேக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கித் திரும்பி ஏறாமல் விட்டேன். கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்குள் போய், அங்கே ஒரு முகாமில் இரண்டு குளிர்காலம் கழித்து, எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்தேன். எந்த இடத்திலும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஆட்கள் என்னைத் தெரிந்துகொள்ளத் தொடங்கும் நேரத்தில் நானாகவே கிளம்பிவிடுவேன்.

வெம்பிளியில் ஒரு குடும்பத்தின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரரை அண்ணை என்பேன். அவருக்குக் கவுன்சிலில் உத்தியோகம். ஒரு தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் மனைவியை அக்கா என்பேன். ஷிப்ட் முடிந்து வரும்போது அடுப்படியில் எனக்கென்று மூடி வைத்த சாப்பாடு இருக்கும். காய்ச்சல் வந்தால் மல்லித் தண்ணீர் மேலே வரும். முகாம்களில் தகரக் கோப்பையோடு வரிசையில் நின்றவனுக்கு அது பெரிய காரியம்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால் கேள்விகள் ஓர் ஒழுங்கில் வரும். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி? ஐயா என்ன செய்தவர்? சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்க மாட்டார்கள். கேள்விகள் முடியும்போது கேட்டவருக்கு வேண்டியது கிடைத்திருக்கும். அண்ணையும் முதல் நாள் தேத்தண்ணீர் தந்துகொண்டே கேட்டார். ஊரைச் சொன்னேன்.

“ஐயா?”

“கோயில் அலுவல்.”

“ஆ, கோயில் மணியமோ?”

நான் சிரித்தேன். கோயிலை நிர்வகிக்கும் மணியகாரரின் மகன் என்று, அந்தச் சிரிப்புக்குத் தனக்கு வேண்டிய பொருளை அவர் எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு என்னை “நீர்” என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

என் அப்பா கோயில் மேளக் கூட்டத்தில் ஒத்து ஊதியவர். நாதஸ்வரம் வாசிப்பவருக்குப் பேர் உண்டு. தவில்காரருக்கு அதைவிடப் பேர் உண்டு. ஒத்து ஊதுபவர் பின்னால் நிற்பார். நாதஸ்வரம் மாதிரியே நீளமான குழல், ஆனால் அதில் ஒரே ஒரு சுரம்தான். கச்சேரி தொடங்கி முடியும்வரை அந்தச் சுரம் அறாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை எடுக்க வேண்டும். சாமி வீதி சுற்றி இருப்புக்கு வரும்வரை அப்பாவின் கன்னங்கள் உப்பியபடி இருக்கும். கலியாண வீடுகளில் எங்கள் ஆட்களுக்குக் கடைசிப் பந்தியில், புறம்பாக, பாயில் சாப்பாடு. பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் கன்னத்தை உப்பிக் காட்டுவார்கள். வாத்தியாரும் ஒருநாள் சிரித்தார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் போகவில்லை. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் இறந்த செய்தி ஜெர்மனியில் இருந்தபோது வந்தது.

வெம்பிளி வீட்டில் சில வருடங்கள் ஆனபோது அக்கா ஒரு பேச்சை எடுத்தார். லண்டனின் வடக்கே எட்மண்டனில் அவருடைய சின்னம்மாவும் சின்னம்மாவின் மகளும் இருந்தார்கள். மகள் மருந்துக் கடையில் வேலை செய்தாள். இரண்டு தரம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டாம் தரம் நான் படியில் இறங்கி வரும்போது, “இவர் வாறது ஒருத்தருக்கும் கேக்காது. பூனைச் சப்பாத்தோ?” என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். முப்பது வயதுக்குப் பிறகு அப்படி ஒரு கேலிக்காக ஒருவன் எவ்வளவு நாள் மனசுக்குள் சிரித்துக்கொண்டிருக்க முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“உமக்கும் ஒருத்தரும் இல்லை. அவளுக்கும் வயது போகுது,” என்றார் அக்கா. “சின்னம்மா ஓமெண்டால் காரியம் முடிஞ்சுது.”

அப்பா யார் என்று தெரிந்தால் சின்னம்மா ஓம் சொல்ல மாட்டார். அது எனக்குத் தெரியும்.

அந்த மாதங்களில்தான் டிட்ஜெரிடூக்காரர் வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம், கடுங்குளிர். அவுஸ்திரேலியாவின் வடக்கில் இருந்து வந்த பூர்வகுடி மனிதர். அங்கே ஒருவர் ஓர்கெஸ்ட்ராவுக்கும் அவருடைய வாத்தியத்துக்குமாகப் புதிதாக ஓர் இசை எழுதியிருந்தார். அதை இங்கே வாசிக்க அழைத்திருந்தார்கள். நரைத்த தாடி, அகலத் தொப்பி, யாரோ கொடுத்த பெரிய கம்பளிக் கோட்டு. கறையான் உள்ளே தின்று குடைந்த நீண்ட மரக்கொம்புதான் டிட்ஜெரிடூ என்ற அந்த வாத்தியம். கம்பளியில் சுற்றி நாலைந்து கொண்டுவந்திருந்தார். அவருடைய மொழியில் அதற்கு வேறு பெயர். சொல்லிக் காட்டினார். என் வாயில் அது நிற்கவில்லை.

வந்த முதல் நாளே அவர் ஒரு காரியம் செய்தார். மேடைப் பொறுப்பாளரான வெள்ளைக்காரப் பெண்ணிடம், “வாசிக்க முன் நான் கேட்க வேண்டும். இது யாருடைய இடம்?” என்றார். அந்தப் பெண் மண்டபத்து இயக்குநரின் பெயரைச் சொன்னாள். அவர் தலையாட்டவில்லை. “இங்கே பிறந்தவர், இங்கேயே இருக்கிறவர் யார்?” என்றார். கடைசியில் பின்வாசல் காவலாளியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கிழவன் இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவன். இவர் தொப்பியைக் கழற்றித் தன் தகப்பனின் பெயர், தாயின் பெயர், தன் நிலம் எல்லாம் சொல்லி, இங்கே வாசிக்கலாமா என்று கேட்டார். கிழவன் பேப்பரை மடித்து வைத்து, “தாராளமாக வாசியுங்கள் ஐயா. படிக்கட்டில் மட்டும் சிகரெட் பிடிக்க வேண்டாம்,” என்றான். இவருக்கு நிம்மதி. எங்களுக்குச் சிரிப்பு. காவலாளி மாத்திரம் சிரிக்கவில்லை. அன்று முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

ஒத்திகை இலேசாகப் போகவில்லை. ஓர்கெஸ்ட்ராவில் எல்லாரும் ஒருவரை ஒருவர் கேட்டுச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். இவருடைய மரத்தை முறுக்கவோ தளர்த்தவோ முடியாது. அதன் சுரத்துக்கு எல்லாரும் வர வேண்டும். அதோடு, இவருக்குத் தாளில் எழுதிய இசை படிக்கத் தெரியாது. ஓர்கெஸ்ட்ராவின் முன்னால் நிற்கும் நடத்துநர் இடது கையை உயர்த்தினால் இவர் தொடங்க வேண்டும் என்று பேச்சு. “அவர் எல்லாருக்கும் கை காட்டுகிறார். அதில் என்னுடைய கை எது?” என்று என்னிடம் கேட்டார். ஒரு பத்திரிகைக்காரி வந்து, நாற்பதாயிரம் வருடத்துப் பழைமையை மேடைக்குக் கொண்டுவருவது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். “எனக்கு ஐம்பத்து மூன்று,” என்றார்.

மண்டபத்து ஹீட்டிங் சூட்டில் ஒரு வாத்தியம் முதல் நாளே வெடித்துவிட்டது. அந்த இசைக்குப் பொருந்தும் சுரமுள்ளது இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதைக் காயவிடாமல் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. போர்ட்டர்களின் கழுவும் அறையில் வைத்து ஈரத் துவாயால் சுற்றுவேன். அவர் வந்து குழாயடியில் அதற்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றுவார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஊதிப் பார்ப்பார். அந்தச் சின்ன அறையில் சத்தம் காதுக்கு வரும் முன்னே வயிற்றுக்கு வரும். கழுவுதொட்டியில் இருந்த தேக்கரண்டிகள் நடுங்கும்.

ஒருநாள் என்னிடம் நீட்டினார். உதட்டைத் தளர்த்தி விடு என்றார். முதல் தரம் காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தரம் சத்தம் பிடித்தது. பிடித்ததும் என் கன்னங்கள் தாங்களாகவே உப்பின. மூக்கு தானாக மூச்சை எடுத்தது. சத்தம் அறவில்லை. சிறுவயதில் அப்பா ஒரு கிளாஸ் தண்ணீரில் பப்பாசி இலைக் காம்புக் குழலை விட்டு, குமிழி நிற்காமல் ஊதப் பழக்கியிருந்தார். நான் அதை மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

அவர் சிரித்துத் தொடையில் தட்டினார். “யார் பழக்கினது?”

“அப்பா,” என்றேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன். கோயில், வீதி, பின்னால் நிற்பது, ஒரே சுரம், அப்பாவின் அப்பாவும் அதே வேலை. பாயையும் கடைசிப் பந்தியையும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டார். எந்த நிலம், எந்தத் தண்ணீர்ப் பக்கம், தாய் எந்தக் கூட்டம். யாழ்ப்பாணத்துக் கேள்விகள் மாதிரியேதான் அவையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் நான் பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் விரிந்துகொண்டே போனது. அன்றைக்கே ஓர்கெஸ்ட்ராவின் குழல்காரர் இரண்டு பேரிடம் என்னைத் தோளில் பிடித்து நிறுத்தி, இவனுடைய தகப்பன் கோயிலில் நீண்ட சத்தத்தைத் தாங்கியவர் என்றார். அவர்கள் கை குலுக்கினார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் அங்கே யாரும் வெம்பிளிக்காரர் இல்லை.

வெம்பிளி வீட்டில் அவரைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. வேலையில் நடந்ததைச் சாப்பிடும்போது சொல்வது வழக்கமாகிவிட்டது.

“ஆபிரிக்கனோ?” என்று அக்கா கேட்டார்.

“இல்லையப்பா, அவுஸ்திரேலியா ஆக்கள்,” என்றார் அண்ணை.

“அங்கை வெள்ளையள் எல்லோ?”

“வெள்ளையள் வர முதல் இருந்த ஆக்கள். உலகத்திலையே ஆதிக்குடி அவைதான்.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. “தம்பி, எங்கட பொங்கல் விழாவிலை ஒரு அஞ்சு நிமிசம் ஊதுவாரோ? ஆதிக்குடியும் ஆதிமொழியும் எண்டு தலைப்புப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாரும். நானே கேக்கிறன்.”

“அவருக்கு ஒத்திகை இருக்கும், அண்ணை.”

“ஞாயிற்றுக்கிழமையுமோ? சும்மா விடும். ஆக்கள் வீட்டுச் சாப்பாடெண்டா ஆர்தான் மாட்டன் எண்டு சொல்லுவினம்?”

அக்கா அதோடு தன் காரியத்தையும் சேர்த்துவிட்டார். அதே ஞாயிறு சின்னம்மாவையும் மகளையும் வரச் சொன்னார். “வெளியாள் ஒருத்தர் இருக்கேக்கை பொம்பிளை பாக்கிற மாதிரி இருக்காது. சும்மா கதைச்சுச் சாப்பிடலாம்.”

டிட்ஜெரிடூக்காரரிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்துபோனார். லண்டன் வந்ததில் இருந்து ஒருவர் வீட்டுக்குள்ளும் அவர் போகவில்லை. ஹோட்டல் அறையும் சாண்ட்விச்சும்தான். ரயிலில் வரும்போது அப்பாவைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். வெம்பிளி ஸ்டேஷன் வரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன். எந்த ஆங்கிலத்தில் அதைச் சொல்வது? தகப்பனைப் பற்றிச் சொல்லாதே என்று, பார்த்த ஆளிடமெல்லாம் தகப்பன் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்தும் மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே இறங்கினோம்.

அக்கா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பொரியல், சொதி. மேசையில் நல்ல விரிப்பு. சின்னம்மா வெள்ளைச் சேலையில் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் ஓடாது. அவர் மகள் எனக்கு எதிரே. தொப்பியைக் கழற்றிய டிட்ஜெரிடூக்காரர் எல்லாருக்கும் தலை குனிந்தார். அண்ணை கதவடியிலேயே ஆதிமொழியைப் பற்றித் தொடங்கிவிட்டார். அவர் பொறுமையாகக் கேட்டார்.

சோறு போட்டதும் அவர் சாப்பிடத் தொடங்கவில்லை. கையை மேசையில் வைத்து, தான் யார் என்று சொன்னார். தகப்பன், தாய், நிலம். பிறகு என் தோளில் கை வைத்தார். தன்னை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தவன் இவன் என்றார். இவனுடைய தகப்பனும் தகப்பனின் தகப்பனும் தங்கள் கோயிலில் நீண்ட சத்தத்தைத் தாங்கிய மனிதர்கள். அப்படிப்பட்டவரின் சொந்தங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது தனக்குப் பெருமை என்றார்.

அவருடைய ஊரில், ஒரு வீட்டுக்கு விருந்தாளி போனால் கூட்டிவந்தவனின் பூர்வீகத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொல்லாவிட்டால்தான் அவமரியாதை. அவர் எனக்கு மரியாதை செய்தார்.

அண்ணையின் கை சோற்றிலேயே நின்றது. சின்னம்மா திரும்பினார். “என்னவாம், தம்பி? விளங்கப்படுத்தும்.”

நான் விருந்தாளியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

“சாப்பாடு நல்லா இருக்காம்,” என்றார் அண்ணை.

“இன்னும் வாயிலை வைக்கவே இல்லையே?” என்றார் சின்னம்மா.

“வாசத்தைச் சொல்லுறார்.”

“அவ்வளவு நேரம் கதைச்சவர். வாசம் மட்டுமே?”

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. டிட்ஜெரிடூக்காரர் சிரித்தார். மொழிபெயர்ப்பு குட்டையாகப் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு நானே சொல்கிறேன் என்கிற மாதிரிக் கையைக் காட்டினார். என்னைச் சுட்டினார். என் தலைக்கு மேலே, உயரமாக, தகப்பன் என்று காட்டினார். பிறகு இரண்டு கையாலும் ஒரு நீளக் குழலைப் பிடித்து, கன்னங்கள் இரண்டையும் உப்பினார். மூக்கால் மூச்சை எடுத்தார். கன்னம் இறங்கவில்லை.

சின்னம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஆ, ஒத்தோ?” என்றார்.

அக்கா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எந்தக் கோயில், தம்பி?”

சொன்னேன்.

“கட்டையா, நெத்தியிலை ஒரு தழும்பு இருக்கும். அவரோ உம்மட ஐயா? என்ரை கலியாணத்துக்கும் வந்தவர். நல்ல மனிசன். நல்லா ஊதுவார்.” சின்னம்மா மிகவும் அன்பாகச் சிரித்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, “பிள்ளை, அந்தச் சொதியை இஞ்சாலை தள்ளு,” என்றார்.

அவ்வளவுதான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நண்டை எப்படி உடைப்பது என்று அண்ணை விருந்தாளிக்குக் காட்டிக்கொடுத்தார். பொங்கல் விழாப் பேச்சு வந்தது. அதற்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்றார் விருந்தாளி. நான் சாப்பிட்டேன். விழுங்கினேன் என்பதுதான் சரி. தலை நிமிர்த்த முடியவில்லை. எனக்கு எதிரே இருந்தவள் ஒருதரம் தண்ணீர்க் கிளாசை என் பக்கம் நகர்த்தினாள். அதையும் நான் குனிந்தபடிதான் பார்த்தேன்.

அன்று பின்னேரம் அடுப்படியில் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் துடைத்துக் கொடுத்தேன். அவர் என்னை நீர் என்றும் கூப்பிடவில்லை, நீ என்றும் கூப்பிடவில்லை.

“எங்களுக்குத் தெரியாதெண்டோ நினைச்சது?” என்றார். “வந்து ரண்டாம் மாசமே இவருக்குத் தெரியும். ஊரிலை இருந்து ஆரோ எழுதினவை.”

“தெரிஞ்சும்?”

“தெரியிறது வேறை, மேசையிலை வைச்சுச் சொல்லுறது வேறை. சொல்லாமல் இருந்திருந்தால் சின்னம்மாவை எப்பிடியும் ஓமெண்ண வைச்சிருப்பன். கலியாணம் முடிஞ்ச பிறகு ஆருக்குத் தெரிஞ்சால் என்ன? இப்ப அவ தன்ரை வாயாலை கேட்டிட்டா. இனி அவவாலை கேக்காத மாதிரி இருக்க ஏலாது.”

நான் கையில் இருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடமும் நான் மறைத்ததை அவர்களும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிடி சோற்றோடும் அவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் எனக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்வதா, எங்கேயாவது போய் ஒளிவதா என்று தெரியவில்லை. எனக்கு ஒளிவது பழக்கம்.

கச்சேரிக்கு டிட்ஜெரிடூக்காரர் எல்லாருக்கும் இலவச ரிக்கற் எடுத்து வைத்திருந்தார். அவர்கள் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சின்னம்மாவுக்கு முழங்கால் வலி என்று செய்தி வந்தது. அண்ணையும் அக்காவும் வந்தார்கள். மகளும் வந்தாள்.

அவருடைய வாசிப்பு முதல் பாதியில். நான் மேடை ஓரத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஓர்கெஸ்ட்ரா முழுக்கக் கறுப்பில். அவர் நடுவில் தாழ்ந்த மேடையில் உட்கார்ந்திருந்தார். நடத்துநரின் கை உயர்ந்தது. எல்லாருக்குமான கையில் தன்னுடையதை அவர் கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சத்தம் அடியில் வந்து நின்றது. வயலின்கள் அதன்மேல் ஏறிப் போயின, இறங்கின, மாறின. அது நின்ற இடத்திலேயே நின்றது. சனம் அவரைத்தான் பார்த்தது. ஒற்றைச் சத்தம் பிடிப்பவரை ஆயிரக்கணக்கான பேர் பார்ப்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அப்பா ஊதப் போன கலியாண வீடுகளில் மாப்பிள்ளை தாலி கட்டும்போதுகூட யாரும் அவர் பக்கம் திரும்பியதில்லை. நானும் திரும்பியதில்லை. தாலி கட்டுவதைத்தான் பார்ப்பேன்.

இடைவேளையில் அண்ணை என்னைத் தேடி வந்தார். சங்க மலரில் போட ஒரு படம் வேண்டுமாம். மூன்று பேரையும் பின்பக்கம் டிட்ஜெரிடூக்காரரின் அறைக்குக் கூட்டிப் போனேன். அவர் வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். வாத்தியம் மடியில். எங்களைக் கண்டு எழுந்தார்.

அண்ணை அவருக்குப் பக்கத்தில் நின்றார். அக்காவை மறுபக்கம் விட்டார். கமராவை என்னிடம் நீட்டினார். “நீ எடு.”

நீ என்பது யாழ்ப்பாணத்தில் அன்பிலும் வரும். இது அந்த நீ இல்லை.

டிட்ஜெரிடூக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கமரா யார் கைக்குப் போகிறது என்று பார்த்தார். “அவன் என்னோடு நிற்பான்,” என்றார். அப்போது எட்மண்டன்காரி, “நான் எடுக்கிறன், அத்தான்,” என்று அண்ணையிடம் சொல்லிக் கமராவை என் கையில் இருந்து எடுத்தாள். அவர் என்னை இழுத்துத் தோளில் கை போட்டுக்கொண்டார். படம் எடுத்தாள்.

எடுத்து முடித்ததும் கமராவை அண்ணையிடம் கொடுத்துவிட்டு வாத்தியத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நேரே என்னைப் பார்த்துக் கேட்டாள். “உங்களுக்கும் ஊத ஏலுமோ? ஐயா பழக்கினவரோ?”

கேலியா, ஆசையா, தாயை எதிர்த்துக் கேட்டாளா, எனக்குத் தெரியாது. நான் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அண்ணையின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய கேள்வி டிட்ஜெரிடூக்காரருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. வாத்தியத்தின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் துடைத்து என்னிடம் நீட்டினார். “அவளுக்குக் காட்டு,” என்றார்.

மரம் என் கையில் ஈரமாக இருந்தது. இன்னும் சூடாக இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு இவர்கள் முன்னால் நிற்பதை நினைத்தேன். அந்த முகம் யாருடைய முகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“எனக்கு ஏலாது,” என்றேன். அவருக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன். “எனக்குத் தெரியாது. ஒருநாளும் பழகவில்லை.”

அவர் என்னைப் பார்த்தார். கழுவும் அறையில் தேக்கரண்டிகள் நடுங்கியதை அவரும்தானே கேட்டவர். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவளிடம், “இது பிடிவாதமான மரம். சில நாளைக்கு எனக்கே வராது,” என்றார்.

“சரி, விடுங்கோ,” என்றாள் அவள் தமிழில். கைப்பையைத் திறந்தவள் மூடிவிட்டாள். மணி அடித்தது. அண்ணை எல்லாரையும் இருக்கைக்கு அழைத்துப் போனார். நான் மேடைக்குப் போனேன். டிட்ஜெரிடூக்காரர் ஊருக்குப் போன அன்று எனக்கு வேறு ஷிப்ட். அதை நானாகத்தான் மாற்றிக் கேட்டிருந்தேன்.

குளிர் முடிவதற்குள் லண்டனின் கிழக்குக் கோடியில், பார்க்கிங் என்ற ஊரில் ஓர் அறை பார்த்துவிட்டேன். போக வேண்டாம் என்று அண்ணை சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அக்கா மட்டும் வாசல்வரை வந்து ஒரு பையில் மிளகாய்த்தூளும் வடகமும் தந்தார்.

“அவளுக்குக் கனடாவிலை ஒரு கலியாணம் சரிவந்திட்டுது,” என்றார். “கச்சேரி அண்டைக்கு அவள் ஒரு படம் கொண்டுவந்தவள். சின்னம்மாவின்ரை கலியாண அல்பத்திலை தேடி எடுத்தது. மேளக் கூட்டத்துக்குப் பின்னாலை ஐயா நிக்கிறாராம். தரத்தான் கொண்டுவந்தவளாம். பிறகு, ஐயாவைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லைப் போலை எண்டு திருப்பிக் கொண்டுபோயிட்டாள். நான் கேட்டு வாங்கித் தரட்டோ?”

“பிறகு பாப்பம், அக்கா,” என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். அப்பாவின் படம் என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. அதை அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை.